பின்பலகை வழக்கம்

கொன்றையூர் அரசன் வீரவல்லபன் நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவனுக்குச் சரி. அவன் ஊரில் ஆசிரியர்களைப் பழக்கும் கல்லூரி ஒன்று இருந்தது. கல்லூரி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். அவன் பாட்டன் காலத்தில் யானை செத்துக் காலியான கொட்டில் அது.

தொடங்கிய நாளிலிருந்து அங்கே ஒரே முறைதான். ஆசிரியராக வருகிறவர் முதல் நாளே நிஜப் பிள்ளைகள் முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவர்கள் பின்பலகையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அங்கிருந்து யாராவது 'தப்பு' என்று வாய் திறந்தால், மிச்சப் பாடத்தை அவரே நடத்த வேண்டும். பாட்டனாரே ஒருமுறை வாயை விட்டு மாட்டிக்கொண்டு, பெருக்கல் வாய்ப்பாடு நடத்தி வியர்த்துப் போனாராம்.

அவைப்புலவர் மங்களநாதருக்கு அந்த இடத்தின் மேல் ஒரு கண். பிள்ளைகளோடு கூத்தடிப்பதா பயிற்சி என்று அரசனிடம் ஓதினார். தாம் எழுதிவைத்த நாற்பது சொற்பொழிவுகளைக் கேட்டாலே போதும், எவனும் ஆசிரியனாகிவிடுவான், ஆகவே பிள்ளைகளை விரட்டிவிட்டுக் கொட்டிலைத் தம்மிடம் தரலாம் என்றார். அரசன் தலையாட்டிவிட்டான்.

கல்லூரியை நடத்திவந்த பொற்கொடியாள் அமைச்சர் சாத்தப்பனிடம் ஓடினாள். அவர் யோசித்துவிட்டு, மூடுவதற்கு முன் அரசர் ஒருமுறை வந்து பார்க்கட்டும், புலவரும் கூட வரட்டும் என்றார். நாளைக்கு என்ன பாடம் என்று கேட்டார். தலைப்பாகை கட்டுவது என்றாள். சாத்தப்பன் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் ஒரு பயிற்சி ஆசிரியன் துணியோடு தடுமாறிக்கொண்டிருந்தான். அரசனோடு பின்பலகையில் இருந்த புலவருக்குப் பொறுக்கவில்லை.

"தப்பு" என்றார்.

பொற்கொடியாள் உடனே துணியை அவர் கையில் கொடுத்தாள். பாட்டனாராலேயே தப்ப முடியாத வழக்கம் என்றான் அரசன்.

புலவர் துணியை மேசைமேல் வைத்துவிட்டார். தம் முறையில் சொல் மட்டும்தான், கைக்கு வேலையில்லை என்றார்.

"அப்படியானால் அரசரும் மாணவராகட்டுமே," என்றார் சாத்தப்பன். "தினமும் பணியாள்தானே கட்டிவிடுகிறான்? அந்தத் துணியை எடுத்து, புலவர் சொன்னதை மட்டும் செய்யுங்கள் அரசே. பிள்ளைகளா, நீங்களும் ஆளுக்கொரு துணி எடுங்கள்."

புலவர் தம் ஓலை ஒன்றை எடுத்து, தலைப்பாகையின் பெருமையை வெகுநேரம் பேசினார். பிறகு, ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மறு நுனியைச் சுற்றச் சொன்னார். எதைச் சுற்றுவது என்று சொல்லவில்லை. ஒருத்தன் தூணைச் சுற்றினான். ஒருத்தி பக்கத்துப் பையனைச் சுற்றினாள். அரசன் நெற்றி, கண், மூக்கு என்று வஞ்சகமில்லாமல் சுற்றிக்கொண்டான்.

"இன்னும் இறுக்குங்கள்," என்றார் புலவர், ஓலையைப் பார்த்தபடியே.

துணிக்குள்ளிருந்து அரசனின் முனகல் கேட்டது. புலவர் நிமிர்ந்து பார்த்தார். பதறிப்போய் ஓலையை வீசிவிட்டு ஓடினார். இரண்டு கையாலும் அவிழ்த்தார். அரசனின் கையைப் பிடித்து, "இப்படி வையுங்கள், காதுக்கு மேலே, இப்போது மெதுவாக, ஆங், அப்படித்தான்" என்று சுற்றவைத்தார். தலைப்பாகை அழகாக உட்கார்ந்தது. பிள்ளைகளும் பார்த்துப் பார்த்துக் கட்டிவிட்டார்கள்.

சாத்தப்பன் பணிவாகக் கேட்டார்:

"புலவரே, இப்போது நடத்தினீர்களே, இது அந்த நாற்பதில் எத்தனையாவது சொற்பொழிவு?"

அரசன் சிரித்த சிரிப்பில், கட்டிய தலைப்பாகை அவிழ்ந்து விழுந்தது. கொட்டில் பொற்கொடியாளிடமே இருக்கட்டும், புலவர் நாளை முதல் இங்கே பயிற்சிக்கு வரட்டும் என்றான். சாத்தப்பனுக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டான்.

"அந்தப் பின்பலகையில் ஓர் இடம் போதும் அரசே," என்றார் சாத்தப்பன். "புலவர் பாடம் நடத்தும்போது பார்க்க வேண்டும். வாயை மட்டும் கட்டிக்கொள்ள அந்தத் துணியையும் கொடுத்துவிடுங்கள்."