பார்த்தேன்

பாறையேறக் கற்றுத் தரும் தமயந்திக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் கற்க வந்த விமலா ரோஸ்லினுக்கு நாற்பத்தேழு. ரோஸ்லின் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அதனால் குரு சிஷ்யையை ‘டீச்சர்’ என்றாள், சிஷ்யை குருவை ‘மேடம்’ என்றாள்.

தமயந்திக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மூன்று மாதமாக அதற்கு ஓய்வே இல்லை. காரணம் ரோஸ்லின் கொண்டுவரும் ஃபைல்.

அதில் படங்கள். எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் ஜுன்கோ தாபேய். ஆண் வேடமிட்டுக் கப்பலேறி உலகைச் சுற்றிய பிரெஞ்சுக்காரி ஜான் பாரே. எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால். யார் எந்த வருடம் எங்கே ஏறினார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ரோஸ்லின் சொல்வாள். கடைசிப் பக்கத்தில் தமயந்தியின் படம், பேப்பரில் வந்ததை வெட்டி ஒட்டியது.

சனிக்கிழமை பதினோரு மாணவிகளைப் பாறைக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. பெற்றோரிடம் கையெழுத்து வாங்க ரோஸ்லின் வீடு வீடாக நடந்திருந்தாள். பொம்பளைப் பிள்ளைக்கு மலை எதற்கு என்று கேட்ட ஓர் அப்பாவிடம் நான்கு முறை போனாள். பாக்கி இருந்தது தமயந்தியின் கையெழுத்துதான். ‘இவர் ஏறுபவருக்குக் கீழிருந்து கயிறு பிடிக்கத் தகுதியானவர்’ என்று அவள் எழுதித் தராவிட்டால் பயணம் ரத்து என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை ரோஸ்லின் கடிதத்தை நீட்டினாள். கூடவே ஃபைலையும் திறந்தாள்.

“மேடம், பிள்ளைங்களுக்கு முதல்ல யாரைக் காட்டுறது?”

அந்த வாரத்தில் இதே கேள்வி மூன்றாவது முறை. தமயந்தி கண்ணை மூடித் திறந்தாள்.

“கயிறைக் கட்டுங்க டீச்சர்.”

அந்தப் பாறையில் ஒரு வழக்கம் உண்டு. இருவரும் இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். பிறகு ஒருவர் முடிச்சை மற்றவர் கையால் இழுத்துப் பார்த்து, “பார்த்தேன்” என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகே பாறையில் கால் வைக்கலாம்.

தமயந்தி ரோஸ்லினின் முடிச்சை இழுத்தாள், புரட்டினாள். “பார்த்தேன்” என்றாள். பிறகு தன் இடுப்பைக் காட்டி நின்றாள்.

ரோஸ்லின் அவள் முகத்தைப் பார்த்தாள். “பார்த்தேன்” என்றாள்.

தமயந்தி ஓர் ஆள் உயரம் ஏறினாள். அங்கிருந்து கீழே மணலில் குதித்தாள். முடிச்சு அவிழ்ந்து, கயிறு மட்டும் பாறையிலேயே தொங்கியது.

ரோஸ்லின் ஓடி வந்தாள்.

“மூணு நாளா தப்பா கட்டுறேன்,” என்றாள் தமயந்தி, மணலைத் தட்டிக்கொண்டே. “செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை, இன்னிக்கு. மூணு நாளும் பார்த்தேன்னு சொன்னீங்க. முதல் ரெண்டு நாள் நானே சரி பண்ணிக்கிட்டு ஏறினேன்.”

“நீங்க கட்டினது தப்பா இருக்கும்னு தோணவே இல்லை மேடம். எவ்வளவு பெரிய மலையெல்லாம் ஏறினவங்க.”

“அது அன்னிக்குக் கட்டின முடிச்சு. இது இன்னிக்குக் கட்டினது.”

“உங்க முடிச்சை நான் சந்தேகப்பட்டு இழுத்துப் பார்க்கிறதா? கை வரலை.”

தமயந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபைலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

“இந்தப் படத்தை ஸ்கூல்ல மாட்டப் போறதா சொன்னீங்களே. மாட்டுங்க. மாலைக்கும் இப்பவே சொல்லி வச்சிருங்க.”

கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நாளைக்கும் ஒருநாள் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். ரோஸ்லின் பஸ் ஏறினாள். அந்த நான்கு முறை போன வீடுதான் அவளுக்கு நினைவில் இருந்தது.

வெள்ளிக்கிழமை இருவரும் முடிச்சுப் போட்டார்கள். ரோஸ்லின் குனிந்தாள். தமயந்தியின் முடிச்சை இழுத்தாள், புரட்டினாள், பின்பக்கம் விரலை விட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி இழுத்தாள். அதற்குமேலும் ஒருமுறை இழுத்தாள்.

“எத்தனை தடவை இழுப்பீங்க? இடுப்பு வலிக்குது.”

“உங்களை நம்ப முடியலை மேடம்.”

தமயந்தி சிரித்தாள். மூன்று மாதத்தில் ரோஸ்லின் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை. பேனாவை வாங்கி, பாறைமேல் கடிதத்தை வைத்து, கையெழுத்துப் போட்டாள்.

ரோஸ்லினுக்குக் கண் நிறைந்துவிட்டது. கடிதத்தைப் பத்திரமாக ஃபைலில் வைத்தாள். ஃபைலைத் திறந்ததும் பழைய கேள்வி ஞாபகம் வந்துவிட்டது.

“மேடம், அப்போ நாளைக்கு முதல்ல யாரைக் காட்டுறது?”

தமயந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“பதினோரு பேரும் வரிசையா வந்து என் முடிச்சை இழுத்துப் பார்க்கட்டும். தப்பா கட்டி வைக்கிறேன். எந்தப் பிள்ளை ‘இது தப்பு’ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றாளோ, அவளை மத்த பத்துப் பேருக்கும் காட்டுங்க.”