பெட்டிக்குள் கிடந்த விடுதலை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் பல நாட்டார் "எங்களைத்தானே சொல்கிறாய்?" என்று சண்டைக்கு வருவார்கள், ஆகையால் பெயர் வேண்டாம். அந்நாட்டு அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. திருடனைப் பிடிக்கும் காவலும், வழக்கைத் தீர்க்கும் நியாயசபையும், ஆளை அடைத்துவைக்கும் சிறையும் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொள்ள வேண்டுமாம். அதற்கென்று மூன்று அதிகாரிகளுக்கும் குடம் குடமாகப் பொன்னை மானியமாகக் கொடுத்தார்.

அந்த மகானுபாவர்கள் என்ன செய்தார்கள்? ஆளுக்கொரு தேக்குப் பெட்டி செய்து, வெள்ளிப் பூட்டு மாட்டி, தத்தம் ஓலைகளை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். அடுத்தவன் கண் பட்டால் அதிகாரம் குறைந்துபோகுமாம்! பொன்னைக் கொடுத்துப் பூட்டை வாங்கிய கூத்து வேறெங்கே உண்டு?

ஓடக்காரன் மருதாசலம் குற்றமற்றவன் என்று நியாயசபை தீர்ப்பெழுதி ஏழு மாதம் ஆயிற்று. ஓலை பெட்டியில் தூங்கியது. எதிர்வாசலில் இருந்த சிறையில் அவன் கிடந்தான். அவன் மனைவி வெள்ளையம்மாள் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டு விகடகவி செவ்வந்தியப்பனுக்கு வயிறு எரிந்தது. நேரே அரசசபைக்குப் போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்தான்.

"அரசே, இவன் தங்கள் மானியத்தையே பழிக்கிறான்!" என்றார்கள் மூவரும் ஒரே குரலில். இந்த ஒன்றில் மட்டும் அவர்களுக்குள் நல்ல ஒற்றுமை.

அரசர் கொதித்தார். "இவனை இன்று சிறையில் அடையுங்கள். நாளைக் காலை விடுதலை. செவ்வந்தியப்பா, விடிந்ததும் சபைக்கு வந்து அந்தப் பெட்டிகளைப் புகழ்ந்து பாட வேண்டும். வராவிட்டால் உன் தலை தங்காது!"

மூவரும் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்கள். விடுதலை ஓலையை அவர்கள் அனுப்பினால்தானே அவன் வருவான்?

மறுநாள் வெயில் ஏறியும் கவியைக் காணோம். அரசர் உருவிய வாளோடு சிறைக்கே வந்து, அறைக்குள் நுழைந்தார்.

"ஏன் வரவில்லை?"

"ஓலை வரவில்லை, அரசே," என்ற செவ்வந்தியப்பன், வாசலில் நின்ற காவலாளியிடம் கேட்டான்: "ஐயா, உள்ளே வந்தவர் யாராயிருந்தாலும் ஓலையில்லாமல் வெளியே போகலாமா?"

"அதெப்படிங்க? அரசரே முத்திரை போட்ட சட்டமாச்சே!" இருபது வருஷமாகச் சட்டம் தவிர வேறெதுவும் அறியாத அந்த மனிதன், கதவைச் சாத்திப் பூட்டிவிட்டான்.

"நானே சொல்கிறேன், திற!"

"வாய்ச்சொல் செல்லாதுங்க. ஓலை வேணும்."

அதிகாரிகள் ஓடினார்கள். பிடித்ததற்குக் காவலின் ஓலை வந்தால்தான் விடுவிக்க முடியும் என்றது நியாயசபை. அரசரை நாங்கள் பிடிக்கவே இல்லையே என்றது காவல். ஓலையே வராமல் நான் என்ன செய்வேன் என்றது சிறை. உள்ளே மூட்டைப்பூச்சிகளுக்கு ராஜவிருந்து நடந்தது.

பொழுது சாயும் நேரத்தில், "உடையுங்களடா பெட்டிகளை!" என்று அரசர் அலறினார். வீரர்கள் கோடரியால் பிளந்தார்கள். அனுப்பாத விடுதலை ஓலைகள் நாற்பத்து மூன்று சரிந்து விழுந்தன. அவற்றில் மருதாசலத்தின் ஓலையும் இருந்தது. நியாயாதிபதி காவலின் ஓலைக்குக் காத்திராமல் அரசருக்கும் கவிக்கும் அங்கேயே ஓலை எழுதினார்.

வெளியே வந்த அரசர் முதுகைச் சொறிந்துகொண்டே வயிறு குலுங்கச் சிரித்தார். "பட்டால்தான் தெரிகிறது! என்ன பரிசு வேண்டும், கேள்!"

செவ்வந்தியப்பன் சிரிக்கவில்லை. "இந்த மூவரையும் தனித்தனி அறையில் அடையுங்கள், அரசே. ஒருவர் விடுதலை ஓலையை மற்றவர் அனுப்பட்டும்."

அரசர் இன்னும் பலமாகச் சிரித்து, அப்படியே ஆணையிட்டார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கவியின் கழுத்தில் போட்டார். கவி அதைச் சிறைவாசலில் நின்ற வெள்ளையம்மாளிடம் நீட்டினான். எலும்பும் தோலுமாய் வந்த கணவனைத் தாங்கிப் பிடித்திருந்த அவள், அதைத் தொடாமல் அரசரைப் பார்த்துச் சொன்னாள்.

"மாலை வேணாஞ் சாமி. நீங்க ஒரு பகல் இருந்தீங்க, பெட்டிய உடைச்சாங்க. எம் புருசன் ஏழு மாசம் இருந்தாரே, அதுக்கு எதை உடைப்பீங்க?"

அரசரின் சிரிப்பு பாதியில் நின்றது.