கொதிக்கிற முற்றத்தில் இங்கிலீஷ் பாடம்

வெகுகாலத்துக்கு முன்னே வேங்கைக்குறிச்சிச் சீமையை ரங்கபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நினைத்ததைக் கேட்பார், கிடைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

ஒருநாள் விருந்துக்கு வந்த வெள்ளைக்காரத் துரை, அரண்மனை ஆட்டுக்குட்டிகள் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஹாப், ஸ்கிப், ஜம்ப், லீப், வால்ட்!" என்று வியந்துவிட்டுப் போனார்.

"என்ன ஓய் சொல்லிவிட்டுப் போகிறான்?" என்று ராஜா துபாஷி தோத்தாத்திரியைக் கேட்டார். துரை பேச்சைத் தமிழில் சொல்லத்தான் அவருக்குச் சம்பளம். சபைக்குள்ளேயே பூட்ஸ் போட்டு நடக்கிற மனுஷர்.

"ஐந்துக்கும் குதி என்றுதான் அர்த்தம், மகாராஜா."

"ஐந்து வார்த்தைக்கு ஒரே அர்த்தமா? வெள்ளைக்காரனுக்கு வேறு வேலை இல்லையா?"

துபாஷிக்கு வித்தியாசம் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வராது. "நுட்பம் இருக்கிறது, பிரபு. நம் மந்திரி நல்லபெருமாளைக் கேளுங்களேன், எல்லாம் தெரிந்தவராயிற்றே!" என்று கொளுத்திப் போட்டார். மந்திரியின் முத்திரை மோதிரத்தின் மேல் அவருக்கு நெடுநாளாகக் கண்.

"சரி, மந்திரி! நாளைக்குள் ஐந்தும் எனக்கு மறக்காதபடி புரியவேண்டும். இல்லாவிட்டால் மோதிரத்தைக் கழற்றித் துபாஷியிடம் கொடுத்துவிடும்!"

நல்லபெருமாள் மோதிரத்தைத் திருகிக்கொண்டே நின்றார். ஒரு வழக்குக்காகச் சென்னைப்பட்டணத்தில் நெடுநாள் கிடந்தவர், அர்த்தமெல்லாம் தெரியும். ஆனால் சொல்லிக்கொடுத்தால் ஏறுகிற தலையா ராஜாவின் தலை? காலையில் கேட்டதை மத்தியானம் மறக்கிற தலை! கண்ணால் பார்த்தால்தான் உண்டு. யோசித்தார், யோசித்தார், மெல்லச் சிரித்தார்.

"ஆகட்டும், மகாராஜா. நாளை உச்சிவேளை, குலதெய்வக் கோயில் முற்றத்தில் பாடம். சபையார் எல்லோரும் வரவேண்டும்."

அதுவோ சித்திரை மாசம். முற்றமோ கருங்கல் தளம். அந்தக் கோயிலில் ராஜாவானாலும் செருப்பை வாசலிலேயே விடவேண்டும். தோத்தாத்திரியும் முனகிக்கொண்டே பூட்ஸைக் கழற்றினார். ராஜாவின் பல்லக்கு நடுமுற்றத்தில் இறங்கியது. நனைத்த சாக்கின்மேல் நின்றபடி மந்திரி, "வாருங்கள், வாருங்கள்" என்று எல்லோரையும் கூப்பிட்டார்.

வந்தார்கள். ஐயோ, வந்தார்களே!

சேனாபதி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மறுகாலில் துள்ளினார். "அது ஹாப், மகாராஜா!" பொக்கிஷக்காரர் கால் மாற்றி மாற்றித் துள்ளிக்கொண்டே ஓடினார். "அது ஸ்கிப்!" புரோகிதர் நின்ற இடத்திலேயே எம்பி எம்பிக் குதித்தார். "ஜம்ப்!" அரண்மனை வைத்தியர் ஒரே தாவாகத் தாவி மண்டப நிழலில் போய் விழுந்தார். "லீப்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்னும் கிட்டே போய்ப் பார்க்கலாமென்று பல்லக்கிலிருந்து காலைக் கீழே வைத்தாரோ இல்லையோ, "அம்மாடி!" என்று அவரும் ஒரு குதி குதித்தார். பூட்ஸுக்குள்ளேயே வளர்ந்த பாதமல்லவா, பக்கத்தில் நின்ற துபாஷிக்கு? பொறுக்க முடியவில்லை. ராஜாவின் தோளில் கையை ஊன்றி, ஒரே தாண்டாகத் தாண்டி, பல்லக்குக்குள் போய் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார்!



"கையை ஊன்றித் தாண்டினால் அது வால்ட்" என்றார் மந்திரி, சாவதானமாக. "எங்கே ஊன்றினார் என்பதை மகாராஜாவே பார்த்துக்கொள்ளலாம்."

ராஜா மந்திரியின் சாக்கில் ஏறி நின்றுகொண்டு, தோளைத் தடவினார். "அது கிடக்கட்டும். நான் குதித்தேனே, அதற்கு என்ன வார்த்தை?"

"அதற்கு இங்கிலீஷில் வார்த்தையே கிடையாது, பிரபு. இருந்தால்கூட அதைச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். "மோதிரம் உம்மிடமே இருக்கட்டும், மந்திரி. பல்லக்கை நீரே எடுத்துக்கொள்ளும். அடே தோத்தாத்திரி, இறங்கு! பூட்ஸ் இங்கேயே இருக்கும். நீ வீட்டுக்கு நடந்தே போ."

தோத்தாத்திரி போனார். ராஜா சாக்கில் நின்றபடியே விரலை நீட்டி, "ஹாப்! ஸ்கிப்! அடடே, ஹாப்! அதோ பாரும், லீப்!" என்று அவர் வாசலைச் சேரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.