ஒட்டிக்கொண்ட அங்கவடி

2000-ஆம் ஆண்டு அக்டோபர் 17, காலை ஒன்பதேகால் மணி. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் நாகமணி என்ற பெண்ணின் வலது காதுக்குள் மூன்று எலும்புகள் வேலையில் இருந்தன.

முதலாவது சுத்தி. செவிப்பறையில் கைப்பிடியை ஊன்றிக்கொண்டு, வெளியே எது அதிர்ந்தாலும் வாங்கிக்கொள்ளும். இரண்டாவது பட்டடை. சுத்தி கொடுப்பதை வாங்கி அடுத்த ஆளிடம் தள்ளிவிடும். மூன்றாவது அங்கவடி. குதிரைச் சேணத்தில் தொங்கும் கால்வளையம் போல இருக்கும். அரை அரிசி அளவுதான். அதன் பாதம் ஒரு சின்னச் சன்னலில் பதிந்திருந்தது. அங்கவடி அசைந்தால் சன்னலுக்கு அப்பால் உள்ள தண்ணீர் அசையும். அந்தத் தண்ணீருக்குள் நத்தை என்ற சுருள் உறுப்பு உட்கார்ந்திருந்தது. எது மனிதக் குரல், எது ஆட்டோ சத்தம் என்று பிரித்து மூளைக்கு அனுப்புவது நத்தையின் வேலை.

வாங்கு, கொடு. மூன்று எலும்புகளுக்கும் இருந்த சட்டம் அவ்வளவுதான்.

அன்று ஒன்பதேகால் மணிக்கு நாகமணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை வீரிட்டு அழுதது. சுத்தி வாங்கியது, பட்டடை தள்ளியது, அங்கவடி உள்ளே கொடுத்தது.

கொடுத்த பிறகு அங்கவடி கேட்டது: "அண்ணே, அந்தச் சத்தம் இன்னொரு தடவை கிடைக்குமா?"

"அது போயாச்சு," என்றது பட்டடை. "நர்ஸ் யாரையோ திட்டறாங்க. அடுத்து அது வருது, பிடி."

"எல்லாம் என் வழியாத்தான் போகுது. ஒண்ணுகூட என்கிட்ட தங்க மாட்டேங்குதே."

"தங்கறதுக்கு நீ என்ன லாட்ஜா?" என்றது சுத்தி.

அன்றிலிருந்து அங்கவடி பாதத்தைச் சன்னலில் கொஞ்சம் அழுத்தி வைக்கத் தொடங்கியது. அந்தக் குழந்தையின் குரல் வரும்போது உடனே விட்டுவிடாமல் ஒரு நொடியாவது பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தது. அழுத்திய இடத்தில் புது எலும்பு முளைத்தது. அங்கவடிக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்னும் அழுத்தியது.

மூன்று வருடங்களில் சன்னல் இறுகிவிட்டது. இடது காதிலும் இதுவே மெதுவாக நடந்துகொண்டிருந்தது. வலது காது கூடுதல் மோசம்.

"என்னப்பா, கடையடைப்பா?" என்று நத்தை உள்ளேயிருந்து கூப்பிட்டது. "தறிச் சத்தம் மண்டையோட்டு வழியா வருது. நாகமணி பேசறது தாடை வழியா வருது. குழந்தை பேசறது மட்டும் வரலையே. அது பேசுதா இல்லையா, அதையாவது சொல்லுங்க."

"பேசுதுக்கா, நாள் பூரா பேசுது," என்றது சுத்தி. "நான் ஆடிக்கிட்டுத்தான் இருக்கேன். இங்க ஒருத்தன் நகர மாட்டேங்கறான்."

வெளியே நாகமணியின் பாடு வேறு. தறிக்கூடத்தில் அவளுக்கு எல்லாம் கேட்டது. அங்கே எல்லாரும் தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேசுவார்கள். வீட்டில் யாரும் கத்துவதில்லை. அதனால் வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை.

"தறி ஓடறப்ப நல்லாக் கேக்குது. ஊட்டுக்கு வந்தா மட்டும் காது அடைச்சுக்குதாமா?" என்றாள் மாமியார். "வேலை சொல்லிப்போடுவேன்னு நடிக்கறா."

சொந்தக் குரல் தலைக்குள் மணி மாதிரி முழங்கியதால் நாகமணி தணிந்து பேசப் பழகினாள். "ஏனம்மிணி, ஊட்டுக்குள்ளயே ரகசியம் பேசற?" என்று கணவன் அர்த்தநாரி சிரித்தான்.

குழந்தைக்குப் பிரதிபா என்று பெயர். நாகமணிக்கு மகளின் அழுகை தெரியும். பேச்சு தெரியாது. உதடு அசைவதைப் பார்த்து, "சரி கண்ணு," என்று தலையாட்டிச் சிரிப்பாள். ஒருநாள் பிரதிபா வந்து, வயிறு வலிக்கிறது என்று சொன்னாள். "சரி கண்ணு," என்று நாகமணி சிரித்தாள். பிரதிபா கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய் அப்பாவிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. வேண்டியது இருந்தால் முந்தானையை இழுத்துக் கையைக் காட்டினாள்.

அர்த்தநாரி நாகமணியைக் கோவையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். காது டாக்டர் ஜெபசீலி ஓர் இரும்புக் கவையைத் தட்டி அதிரவைத்து நாகமணியின் காதுக்கு முன்னால் பிடித்தார். கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் வைத்தார். கேட்டது.

"உள்ளே எல்லாம் நல்லா இருக்கு," என்று டாக்டர் உரக்கச் சொன்னார். "நடுவுல ஒரு எலும்பு ஒட்டிக்கிட்டு நிக்குது. அதை எடுத்துட்டு வேற ஒண்ணு வைக்கணும்."

"குறைஞ்சு போயிருச்சுங்களா?" என்றான் அர்த்தநாரி.

"இல்லைங்க. கூடிப்போச்சு. எலும்பு மேல எலும்பு வளர்ந்திருக்கு. ஏன் வளருதுன்னுதான் நாங்க ஆராய்ச்சி பண்றோம். எடுக்கறதை நாங்க வச்சுக்கலாமா?"

"எனக்கே ஆகாத எலும்பு," என்றாள் நாகமணி தணிந்த குரலில். "நீங்களே வச்சுக்குங்க."

காதுக்குள் பட்டடை சொன்னது: "தம்பி, கேட்டியா? இப்பவே விட்டுரு. விட்டா நீ பொழைச்சுக்குவே."

"விடத்தான் பாக்கறேன்ணே," என்றது அங்கவடி. "எது நான், எது பிடின்னு தெரியல."

2004 ஆகஸ்ட் 11 அன்று அறுவை நடந்தது. இந்த அறுவைக்கு நோயாளியை முழுவதும் மயக்குவதில்லை. காதை மட்டும் மரக்கச் செய்கிறார்கள். நடுவில் டாக்டர் பேசிப் பார்ப்பார், நோயாளி பதில் சொல்ல வேண்டும்.

செவிப்பறை ஒரு திரைச்சீலைபோல் மடக்கப்பட்டது. வெளிச்சம் உள்ளே வந்தது. மூன்று எலும்புகளும் வெளிச்சத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு சின்னக் கொக்கி வந்து அங்கவடியின் தலையையும் இரண்டு கால்களையும் ஒடித்து எடுத்துப் போனது. பாதம் சன்னலோடு ஒன்றாகிவிட்டதால் அதை எடுக்கவில்லை. அதன் நடுவில் ஒரு துளை போட்டார்கள். அங்கவடியின் உயிர் பாதத்தில்தான் இருந்தது. அதனால் அது எல்லாவற்றையும் அறிந்தது.

பட்டடையின் காலில் ஒரு வெள்ளைத் தண்டை அதன் கொக்கியால் மாட்டினார்கள். தண்டின் நுனி பாதத்தின் துளைக்குள் இறங்கியது.

"மன்னிச்சுக்குங்க," என்றது தண்டு. "உங்களைத் துளைச்சுத்தான் போகவேண்டியிருக்கு."

"நீ யாரு?"

"டெஃப்லான். தோசைக்கல்லுல பூசுவாங்களே, அந்த வகையறா. எதோடயும் ஒட்ட மாட்டேன்."

"இங்க ஒரு குழந்தையோட குரல் வரும்," என்றது பாதம். "வந்தா என்ன செய்வே?"

"அனுப்பிடுவேன்."

"ஒரு நொடிகூட வச்சுக்க மாட்டியா?"

"வச்சுக்க மாட்டேன்னுதானே என்னை எடுத்திருக்காங்க?"

வெளியே டாக்டர் குனிந்து, இந்த அறுவையில் வழக்கம்போல, மெல்லிய குரலில் கேட்டார்: "நாகமணி, கேக்குதா?"

நாகமணி துணிக்கடியிலிருந்து சொன்னாள்: "கேக்குதுங்க. ஏனுங்க இப்படிக் கத்தறீங்க?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பும் நாகமணிக்குக் கேட்டது.

ஒடித்து எடுத்த பகுதி 212 என்று எண் ஒட்டிய புட்டிக்குப் போனது. பிறகு அதை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயம் ஏற்றினார்கள். டாக்டர் ஜெபசீலி அதை நுண்ணோக்கியில் பலமுறை பார்த்தார். அங்கவடி ஏன் அசையாமல் போனது என்பதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை என்று குறித்து வைத்தார்.

காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்த பிறகு நாகமணிக்குப் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. மின்விசிறி கேட்டது. பிரதிபா அடுத்த அறையில் அப்பாவோடு பேசுவதும் கேட்டது. நாகமணி ஓடிப்போய் வாசலில் நின்றாள். பிரதிபா பேச்சை நிறுத்திவிட்டாள்.

"சொல்லு கண்ணு, அம்மாவுக்கு இப்பக் கேக்கும்," என்றான் அர்த்தநாரி.

பிரதிபா வந்து முந்தானையை இழுத்துத் தண்ணீர்க் குடத்தைக் காட்டினாள்.

நாகமணி விடவில்லை. மகளை மடியில் இருத்தி, முகவாயைப் பிடித்து, "அம்மான்னு சொல்லு. எதாச்சும் சொல்லு. ஒண்ணே ஒண்ணு," என்றாள். தினமும் கேட்டாள். மிட்டாய் வாங்கி வைத்துக்கொண்டு கேட்டாள். குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டது. பிறகு அம்மாவைக் கண்டாலே ஓடி ஒளிந்தது. அக்டோபரில் முந்தானையை இழுப்பதும் நின்றது.

"எங்கிட்ட மட்டும் ஏனுங்க இப்படி?" என்று அவள் அர்த்தநாரியிடம் கேட்டாள்.

காதுக்குள் பாதம் தினமும் தண்டிடம் விசாரித்தது. "வந்துச்சா?"

"ஆயிரம் வந்துச்சு. எதைக் கேக்கறீங்க?"

"குழந்தை. அம்மாகிட்டப் பேசறது."

"யார் யார்கிட்டப் பேசறாங்கன்னு நான் பார்க்கறதில்லை."

பாதம் துளையின் ஓரமெல்லாம் காதாகக் காத்திருந்தது.

நவம்பர் முதல் வாரத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டு மூவரும் கோவையிலிருந்து திரும்பினார்கள். ஈரோட்டில் இறங்கி வண்டி மாற வேண்டும். அர்த்தநாரி பள்ளிபாளையம் பஸ் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் போனான். நாகமணி ஒரு கையில் பையும் மறு கையில் மாத்திரைச் சீட்டுமாக நின்றாள். கேட்டுக் கேட்டு அலுத்திருந்தாள். அன்று குழந்தையை எதுவும் கேட்கவில்லை. அதன் பக்கம் திரும்பவும் இல்லை. வரும் பஸ்களின் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தண்டு கொஞ்சம் அசைந்தது. சின்ன அசைவுதான்.

பாதம் கேட்டது: "இப்ப வந்தது யாரு? என்ன சொன்னா?"

"தெரியாது," என்றது தண்டு. "போயிருச்சு."

2004 நவம்பர் 6, சனிக்கிழமை, மாலை ஐந்து பத்துக்கு, ஈரோடு பஸ் நிலையத்தில், செருப்பு கடிக்கிறது என்று பிரதிபா தன் அம்மாவிடம் சொன்னாள். நாகமணி பையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து செருப்பைக் கழற்றினாள்.