நாலு நீலக் கோடு

கோயம்புத்தூரில் வீடியோ கேம் செய்யக் கற்றுத்தரும் குரு ஒருத்தர் இருந்தார். பெயர் பூங்கோதை. வயது முப்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான். சீடர் ரங்கராசுக்கோ மீசை நரைத்துவிட்டது. வயசில் என்ன இருக்கிறது? தெரிந்தவர் குரு. அவ்வளவுதான்.

ரங்கராசு ஒரு கேம் செய்துகொண்டிருந்தார். படம் வரைவது அவர். ஆட்டத்தை அமைப்பது கூட்டாளி தமிழ்க்கொடி. ஆடிப் பார்த்தவர்கள் எல்லோரும் "படம் சூப்பருங்க" என்றார்கள். பாதியில் எழுந்து டீ குடிக்கப் போனார்கள்.

படம் இன்னும் போதவில்லை என்று முடிவுகட்டினார் ரங்கராசு. அருவியை முதலிலிருந்து வரையப்போகிறேன் என்றார்.

"மறுபடியும் அருவியா? நீங்களே குளிச்சுக்கங்கண்ணா. நான் கிளம்பறேன்" என்றாள் தமிழ்க்கொடி. சாயங்காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று கெடு வைத்தாள்.

அவள் போனால் கேம் இல்லை. குருவிடம் ஓடினார்.

"டீச்சருங்க, ஒரே கேள்வி. கேமுக்குப் படம் முக்கியமா, ஆட்டம் முக்கியமா?"

"அந்த அருவிய ஏனுங்கண்ணா விடமாட்டேங்கறீங்க?"

ரங்கராசின் முகமே மாறிவிட்டது. சின்ன வயசில் அத்தை வீட்டில் ஆடிய டிவி கேம். மலை உச்சி. நிலா வெளிச்சம். பாறையில் மோதிச் சிதறும் அருவி. அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். அத்தை மகன் பக்கத்தில் நின்று கத்துவான்.

"அப்படி ஒரு அருவிய அப்புறம் எந்தக் கேம்லயும் பாக்கலீங்க. அதத்தான் வரையப் பாக்கறேன்."

குரு கேம் பேரைக் கேட்டார். பழைய டிவி கேம் கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். கிளறி ஒன்றை எடுத்து நீட்டினார். ரங்கராசு வாங்கியதும் அதன் அடியில் தூசி போக ஃபூ என்று ஊதிவிட்டு மெஷினில் செருகினார். யாரும் சொல்லவில்லை. கை மறக்கவில்லை.

திரையில் கறுப்பு. நடுவில் நாலு நீலக் கோடு. கீழே பள்ளம். வேறொன்றும் இல்லை.

"இது இல்லீங்க. டூப்ளிகேட் கேசட்டு."

"ஆடுங்க."

ஆடினார். விழுந்தார். "அட கெரகமே!" மறுபடி ஆடினார். தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. குதிக்கும்போது ஆளே நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பினார். தாண்டிவிட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"என்னத்தத் துடைக்கறீங்க?"

"சாரலு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்பப் படம்னு ஒண்ணுமே இல்லீங்களா? வரைஞ்சதையெல்லாம் அழிச்சுடறனுங்க" என்றார்.

"அதுக்குள்ள என்ன அவசரம்? இன்னொரு ஆட்டம் ஆடுங்க."

இந்தத் தடவை குரு உள்ளங்கையால் அந்த நாலு கோட்டையும் மூடிக்கொண்டார். ரங்கராசு பள்ளத்தில் விழுந்தார். எழுந்து வந்து திரும்பவும் விழுந்தார்.

"கைய எடுங்க டீச்சர்! எங்க குதிக்கறதுன்னே தெரியல."

குரு கையை எடுத்தார்.

"இத வரைஞ்சவன் நாலு கோட்டோட நிறுத்திட்டான். மிச்சத்த நீங்க வரைஞ்சீங்க. இன்னும் வரைஞ்சுட்டிருக்கீங்க."

ரங்கராசு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"தமிழ்க்கொடிகிட்ட என்னன்னு சொல்றதுங்க?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. படத்த எங்க நிறுத்தறதுன்னு கேளுங்க."