நுரை வைக்காத ஒட்டு

பிளஸ் டூவில் கணக்கில் கோட்டைவிட்ட செண்பகம், கோவில்பட்டியில் ஏ.சி. மெக்கானிக் பயிற்சியில் சேர்ந்தபோது அவள் அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். "இவளுக்கு இந்த வேலை வரும்" என்று வாத்தியார் தம் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அம்மாவோடு தீப்பெட்டி ஆபீசுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த வார்த்தையைக் கேட்கத்தான் அம்மா இன்று வந்திருந்தாள். வாட்ச்மேன் போட்டுக்கொடுத்த நாற்காலியில் உட்காராமல் வாசலிலேயே நின்றாள்.

உள்ளே செண்பகம் நெருப்பில் கம்பியை உருக்கி, செம்புக் குழாய்களின் இணைப்புகளில் இறக்கி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டி முடித்ததும் உள்ளே கேஸை அழுத்தி நிரப்பினாள். ஒவ்வொரு ஒட்டிலும் பிரஷ்ஷால் சோப்பு நுரை தடவினாள். கசிவு இருந்தால் நுரை குமிழ் விடும். எங்கும் விடவில்லை.

பின்பக்கம் சுவரைப் பார்த்திருந்த ஒட்டை மட்டும் பிரஷ் தொடவேயில்லை. அதை ஒட்டும்போதுதான் அம்மாவின் தலை வாசலில் தெரிந்தது, இவள் கண் அங்கே போய்விட்டது.

"முடிஞ்சுது சார்."

ஞானதுரை வாத்தியார் வந்தார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்.

"கசிவு?"

"இல்ல சார்."

அவர் தலையாட்டினார். செண்பகத்துக்குப் பொறுக்கவில்லை.

"சார், எனக்கு இந்த வேலை வருமா? அம்மாகிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

அவர் பிரஷ்ஷை நுரையில் முக்கிக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனார். நுரை படாமல் காய்ந்திருந்த அந்த ஒட்டில் தடவினார். ஒரு குமிழ் மெல்ல உப்பி, உடைந்தது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாத்தியா தாயி?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தெரியும் சார். ஒட்டும்போதே தெரியும். கம்பி உருகி உள்ள இறங்கல. மேலயே உருண்டு நின்னுச்சு."

"மத்ததெல்லாம்?"

"அதெல்லாம் தண்ணி மாதிரி இறங்குச்சு சார்."

"பொறவு அதுக்கெல்லாம் எதுக்கு நுரையை வீணாக்குனே?"

அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரும் சொல்லாமலே கேஸைத் திறந்துவிட்டு, அழுத்தம் முழுதும் இறங்கும்வரை காத்திருந்தாள். பிறகு அந்த ஒட்டைச் சூடாக்கிப் பிரித்தாள், தேய்த்துத் துடைத்தாள், மறுபடி ஒட்டினாள். இந்த முறை கம்பி இறங்கியது. கேஸை நிரப்பி, முதல் நுரையை அங்கேயே வைத்தாள். குமிழ் வரவில்லை.

வாத்தியார் அம்மாவை உள்ளே அழைத்தார். அம்மா வந்ததும் மகளின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"அழுதிருக்காளே சார். அப்ப இவளுக்கு இந்த வேலை வராதா?"

செண்பகம் பிரஷ்ஷைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"எங்க கசியும்னு நுரை வைக்காமலே கண்டுபிடிச்சுட்டாம்மா," என்றார் ஞானதுரை. "அங்க நுரை வைக்கத்தான் கொஞ்சம் பயப்படுதா. அதுக்குப் பக்கத்துல நான் நின்னுக்கிடுதேன்."