பதினைந்துகால் பயங்கரன்

ஆறு வற்றிப்போன ஒரு காட்டில், தேங்கிய தண்ணீரோடு ஒரே ஒரு குட்டை மிச்சமிருந்தது. செங்கமலம் என்ற தவளையின் நூறு பிள்ளைகளும் அதில்தான் நீந்தின. ஒன்றுக்கும் இன்னும் கால் முளைக்கவில்லை.

காட்டைப் பார்க்க வந்த மாணவர்கள் ஒரு நுண்ணோக்கியை மறந்து வைத்துவிட்டுப் போனார்கள். அது சிங்காரம் என்ற குரங்கின் கையில் கிடைத்தது. கேட்கவா வேண்டும்? சிங்காரத்துக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுக் குட்டைத் தண்ணீரை வைத்துப் பார்த்தது. பார்த்த வேகத்தில் பின்னால் குதித்தது.

"குட்டைக்குள் ஒரு கறுப்பு அரக்கன் இருக்கிறான். காலை எண்ணிவிட்டேன், பதினைந்து. பதினைந்துகால் பயங்கரன் என்று பெயரும் வைத்துவிட்டேன்."

மலையப்பன் என்ற யானை நல்ல யானைதான். ஆனால் யோசிக்குமுன்பே அதன் தும்பிக்கை வேலையை ஆரம்பித்துவிடும். "அப்படியா? குட்டையை மூடிவிடுகிறேன்" என்று மண்ணை அள்ளியது.

செங்கமலத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. "அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். நானும் பார்க்கிறேன்" என்று நுண்ணோக்கியின்மேல் தாவிக் கண்ணை வைத்தது.

செருப்பு வடிவத்தில் சில உயிர்கள் விரைந்தன. பச்சை உருண்டைகள் சில மெல்ல உருண்டன.

"அரக்கனைக் காணோமே. இதெல்லாம் என் பிள்ளைகளின் சாப்பாடு."

"உனக்குக் கண் சரியில்லை" என்றது சிங்காரம்.

அடுத்து மலையப்பன் பார்த்தது. "இருக்கிறான் அம்மா. குரங்கு எண்ணியதைவிடக் காலும் அதிகம், ஆளும் பெரியவன்."

குரங்கு பார்த்தால் சின்னவன், யானை பார்த்தால் பெரியவனா? செங்கமலம் இருவர் முகத்தையும் உற்றுப் பார்த்தது. அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிங்காரண்ணே, தண்ணீரைத் துடைத்துவிட்டு வெறும் கண்ணாடியைப் பாருங்கள்."

சிங்காரம் பார்த்தது. "இதிலும் நிற்கிறான்" என்றபோது அதன் குரல் இறங்கியிருந்தது.

"இப்போது உங்கள் இமைமுடியை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாருங்கள்."

சிங்காரம் அப்படியே செய்தது. அரக்கனைக் காணவில்லை. வெகுநேரம் அது கண்ணை எடுக்கவே இல்லை. எடுத்தால் மற்றவர்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே.

"எனக்கு இமைமுடி இல்லை அண்ணே, அதனால் அரக்கனும் இல்லை" என்றது செங்கமலம்.

மலையப்பன் அள்ளிய மண்ணைக் குட்டையில் போடவில்லை. சிங்காரத்தின் தலையில் கொட்டிவிட்டுப் போனது.

நீதி: கண்டதற்குப் பெயர் வைக்குமுன், கண்ட கண்ணையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.